கால் சுற்று

கால் சுற்றுக்கு ஒன்றும் நடக்காது.
வலப்பக்கம் பிடித்தால் முதலில்
என் மணிக்கட்டு திரும்பும்.
பிறகு பலகைக்கடியில் ஏதோ முனகும்.
பிறகுதான் போட்,
சரி பார்ப்போம் என்பதுபோல்
மூக்கை அசைக்கும்.

பதினொரு வருசம் இப்படி.
சோபர் தீவு தாண்டி எருமைக்கல்
கண்ணில் படுமுன்னமே திருப்பத் தொடங்கிவிடுவேன்.
"கல்லு இன்னும் வரேல்லையே அண்ணை"
என்பான் கொலின்ஸ்.
கல் வராது. நாங்கள்தான் போவோம்.

கார்த்திகை. வாடை கிளம்பி
இரண்டு நாள் சும்மா இருந்து
மூன்றாம் நாள் விடியப்புறம்
கொட்பேயிலிருந்து வெளிக்கிட்டோம்.
துறைமுக வாயில் வைத்து
சுக்கான் இறுகிவிட்டது.
கால் சுற்றும் இல்லை, அரைக்கால் சுற்றும் இல்லை.
நேர் முன்னால் நேவியின் மிதவை வரிசை.
அந்தப் பக்கம் ஒரு கை உயர்ந்தது.
இன்னொரு கை வேறெதையோ தொட்டது.

என்ஜினை நிப்பாட்டினால் போட் நிற்கும் என்பதெல்லாம்
கரையில் இருந்து யோசிக்கிறவர்களுக்கு.
நீவாடு தள்ளுகிறது.
எனக்குத் தெரிந்த சிங்களத்தில்
கேபிள் இறுகியதைச் சொல்ல வழியில்லை.
நட்டைக் கழற்றி
சுக்கானை அப்படியே பிடுங்கித்
தலைக்கு மேல் தூக்கிக் காட்டினேன்.
ஒரு கணம்.
பிறகு அவர்களில் ஒருவன் சிரித்தான்.
கயிறு வந்து விழுந்தது.

கிண்ணியாவிலிருந்து ஜவ்பர் வந்து
கேபிளை இழுத்தார். அசையவில்லை.
காலை முட்டுக்கொடுத்து இழுத்தார்.
முழங்கை நீளம் வந்து அறுந்தது.
உள்ளே கிறீசும் உப்பும் கட்டிபட்டுப் பச்சையாய்.
"இதையா திருப்பின நீங்க?" என்றார்.
எனக்கு வெட்கமாயிருந்தது,
வேறொருவர் வந்து
என் அலுமாரியைத் திறந்தது மாதிரி.

திரும்பவும் கேபிளா, ஹைட்ரோலிக்கா?
விலையைக் கேட்டதும் நான் கேபிள் என்றேன்.
குசினி ஓடு மாற்ற வைத்திருந்த சீட்டுக் காசை
ஜெனிற்றா மேசையில் வைத்தாள்.
"ஓடு ஒழுகினா சட்டி வைக்கலாம்.
அங்க என்னத்தை வைப்பியள்?"

கொழும்பு இரவு பஸ்ஸில் பார்சல் வந்தது.
பம்பு சரி, சிலிண்டர் சரி,
குழாய் மட்டும் ஒரு சாண் கட்டை.
ஆகவே சுக்கான் இடப்பக்கம் நகர்ந்தது.
பதினொரு வருசமாய் என் குதிக்கால்
தேய்த்து வைத்த வழவழப்பு
இப்போது யாருக்கும் இல்லாமல்
வலப்பக்கத்தில் கிடக்கிறது.

இடப்பக்கம் திருப்பினேன்.
என்ஜின் வலப்பக்கம் போனது.
குழாய்கள் மாறிப் பூட்டுப்பட்டிருக்கின்றன.
"எதிர்க்கட்சிக்குப் போயிற்று" என்று
ஜவ்பர் ஸ்பானரைத் தேடினார்.

பிறகு காற்றெடுக்கும் வேலை.
பின்னணியத்தில் அவர், கையில் சோடாப் போத்தல்.
அணியத்துப் பக்கம் நான், கையில் சுக்கான்.
திருப்புங்க. நிப்பாட்டுங்க. மற்றப் பக்கம்.
எண்ணெய்க்குள் குமிழி குமிழியாய்
எங்கிருந்தோ வந்துகொண்டேயிருந்தது காற்று.
பள்ளியில் அசர் பாங்கு சொன்னபோது
போத்தலை என்னிடம் தந்துவிட்டுப் போனார்.
குமிழியைப் பார்த்தபடி இருந்தேன்.
அவர் திரும்பி வந்தபோது
இன்னும் இரண்டு மிச்சமிருந்தன.

மறுநாள் காலை, காற்றில்லாத தண்ணீர்.
எருமைக்கல் கண்ணில் படுமுன்னமே
வழக்கப்படி பிடித்தேன்.
போட் அந்தக் கணமே திரும்பிவிட்டது.
கொலின்ஸின் தேத்தண்ணி அவன் மடியில்.
கல் எங்கோ தூரத்தில் நிற்க
வெறும் தண்ணீரைச் சுற்றி
ஒரு பெரிய வளைவு போட்டுவிட்டு நின்றோம்.
எதற்காக என்று யாரும் கேட்கவில்லை.
இரண்டாம் முறையும் அப்படியே.
மூன்றாம் முறை கையைக் கட்டுப்படுத்த
மற்றக் கையால் பிடித்துக்கொண்டேன்.

கரைக்கு வந்து ஜவ்பருக்குப் போன் எடுத்தேன்.
"கொஞ்சம் இளக்கிவிட ஏலாதோ?
ஒரு கால் சுற்று?"
அந்தப் பக்கம் ஏதோ இரும்பு விழுந்தது.
"ஏலும்," என்றார்.
"பத்து வருசம் பொறுங்க."